பகலில் பள்ளி, இரவில் பள்ளியறை

பெயர் ஸ்காட்லாந்து நகரம் ஒன்றினுடையது. பேச்சு இந்துஸ்தானி. மணிக்கூண்டைச் சுற்றியுள்ள கடைகளில் தமிழும் வங்காளமும் தெலுங்கும் மலையாளமும் மாறி மாறிக் காதில் விழுகின்றன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஊரின் பெயர் மாறினாலும் அதன் கடைத்தெருவுக்கு வாய்ப்பேச்சில் இன்றும் பழைய பெயர்தான்: அபர்டீன் பஜார்.

சுற்றுலாப் பயணிகள் இங்கே வருவது சிப்பி மாலை, ரப்பர் செருப்பு, படகுச் சீட்டு ஆகியவற்றுக்காக. அவர்கள் பார்ப்பது கடைகளின் முகப்பை மட்டும். முகப்புக்குப் பின்னால் இன்னொரு பஜார் இருக்கிறது. மேடும் பள்ளமுமான சந்துகளில், தகரக் கூரைக்கும் கான்கிரீட் தளத்துக்கும் அடியில், கடைக்காரர்களும் கடைச் சிப்பந்திகளும் குடும்பத்தோடு வாழும் ஒற்றை அறைகள். முன்பக்கம் பிழைப்பு, பின்பக்கம் வாழ்க்கை. இரண்டையும் பிரிப்பது ஒரு திரைச்சீலை.

இவ்வளவு பெரிய கடலுக்கு நடுவில் ஏன் இவ்வளவு சின்ன அறை? அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் சட்டப்படி காடு. பெரும் பகுதிகள் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை. அங்கே வெளியார் வீடு கட்ட முடியாது, கட்டவும் கூடாது. மிஞ்சும் நிலத்தில்தான் 2011 கணக்கெடுப்பில் கண்ட 3.8 லட்சம் பேர் வாழவேண்டும். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். கால்வாசிக்கும் மேற்பட்டோர் தலைநகரத்தில் குவிந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி, கல்லூரி, துறைமுகம், வேலை எல்லாம் அங்கேதான். ஆகவே அபர்டீனில் சதுர அடிக்கு மதிப்பு அதிகம்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பார்த்தேன். தேநீர்க் கடைக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி அறை. தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறி வந்த குடும்பம். தந்தை, தாய், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், எழுபதைத் தாண்டிய அப்பத்தா என நான்கு பேர். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் எழுவதற்கு இரண்டு பேர் வேண்டும். பாயில் படுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டில் வாங்கியாக வேண்டும்.

கட்டில் வாங்குவதில் சிரமமில்லை. அதை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை நூறு சதுர அடி. பீரோ, டிரங்குப் பெட்டி, அரிசி டின், டி.வி. மேஜை எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து. ஆறடிக்கு மூன்றடிக் கட்டில் பதினெட்டு. மற்ற மூவருக்கும் பாய் விரிக்க நாற்பத்தைந்து. மகள் படிக்க மேஜை, அதற்கொரு நாற்காலி, நாற்காலியை இழுக்க இடம் என்று பன்னிரண்டு. கூட்டினால் நூறு. நூற்றுக்கு நூறு என்று மகிழ முடியாது. நடக்க ஒரு சதுர அடிகூட மிச்சமில்லை. கட்டில் வந்தால் மேஜை வெளியேற வேண்டும். மேஜை இருந்தால் அப்பத்தா தரையில் படுக்க வேண்டும். அந்த வீட்டில் சில வாரங்கள் யாரும் இதைப் பற்றி உரக்கப் பேசவில்லை. பேசினால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். யார் விட்டுக்கொடுப்பார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அப்பத்தா வலியைக் குறைத்துச் சொல்ல ஆரம்பித்திருந்தார். பேத்தி கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் பெஞ்சில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்திருந்தாள்.

இந்த நூறு சதுர அடிக்கு அந்த ஊரில் ஓர் ஒப்பீடு இருக்கிறது. பஜாரிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், கடலைப் பார்த்த மேட்டில், செல்லுலர் சிறை. 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் ஏழு கட்டடங்கள், ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு. எழுநூறுக்குச் சற்றுக் குறைவான அறைகள். ஒவ்வொரு அறையும் பதின்மூன்றரை அடி நீளம், ஏழடி அகலம். பெருக்கினால் தொண்ணூற்று நாலரை சதுர அடி. ஏறக்குறைய அந்தத் தேநீர்க் கடை அறையின் அளவுதான். அங்கே ஓர் அறைக்கு ஓர் ஆள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக, ஒரு கட்டடத்தின் முன்புறம் அடுத்த கட்டடத்தின் பின்புறத்தைப் பார்க்கும்படி அமைத்தார்கள். தனிமையே தண்டனை. இன்றைய பஜாரில் அதே அளவில் நான்கு பேர், சில அறைகளில் ஐந்து, ஆறு பேர். இங்கே தட்டுப்பாடு தனிமைக்கு.

இது அபர்டீனுக்கு மட்டுமே உரிய கஷ்டமில்லை. மும்பையில் 1920-களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 160 சதுர அடி. துபாயில் வேலை பார்த்த தமிழர்களுக்கு ‘பெட் ஸ்பேஸ்’ என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அங்கே அறையை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை, படுக்கையை எடுக்கிறார்கள். எங்கும் கேள்வி ஒன்றே. ஒருவர் எட்டு மணி நேரம் படுத்துறங்கும் இடம் மீதிப் பதினாறு மணி நேரம் என்ன செய்கிறது?

நம் முன்னோர் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். அதன் பெயர் பாய். உலகின் மிக எளிய மடக்குப் படுக்கை அதுதான். சுருட்டி மூலையில் சாத்தினால் படுக்கையறை கூடமாகிவிடும். கோரையில் நெய்த பாய் தமிழ்நாட்டின் வெயிலுக்கும் செம்மண் தரைக்கும் ஏற்றது. அந்தமான் வேறு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் இங்கே 3,000 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. ஆண்டில் பாதிக்கு மேல் தரை ஈரம் கோத்துக் கிடக்கும். பாய் பூஞ்சணம் பூக்கும். போதாக்குறைக்குப் பூரான். அந்தமான் பூரானிடம் கடி வாங்கியவர்கள் அதைப் பற்றிச் சிரித்துப் பேசுவதில்லை. இங்கே கட்டில் என்பது வயதானவர்களுக்கு ஆடம்பரமாகாது.

பாயின் மடங்கும் குணமும் கட்டிலின் உயரமும் ஒன்றாக வேண்டும். வேறு தேசங்களில் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்காவில், சிகாகோவில் மரச்சாமான் கடை நடத்தியவர் சாரா கூட். சின்ன வீடுகளில் குடியிருந்த வாடிக்கையாளர்களின் கஷ்டத்தைப் பார்த்து, மடக்கினால் எழுதுமேஜை ஆகிவிடும் கட்டிலைச் செய்தார். 1885-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் சில கறுப்பினப் பெண்களில் அவர் ஒருவர். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஒற்றை அறையில் குடியிருந்த வில்லியம் மர்ஃபி, சுவரோடு நிமிர்ந்து நிற்கும் கட்டிலைச் செய்து 1912-இல் காப்புரிமை பெற்றார். நம் வீடுகளில் பாடிய மர்ஃபி ரேடியோவுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அந்த மர்ஃபி இங்கிலாந்துக்காரர். மர்ஃபி கட்டில் அமெரிக்காவில் எவ்வளவு பிரபலமானது என்றால், 1916-இல் வந்த ‘ஒன் ஏ.எம்.’ என்ற படத்தில் சார்லி சாப்ளின் அதனோடு மல்லுக்கட்டுவதே ஒரு பெரிய நகைச்சுவைக் காட்சி. 1989-இல் அங்கே ஒரு நீதிமன்றம், மர்ஃபி கட்டில் என்பது பொதுச்சொல் ஆகிவிட்டது, அதற்கு ஒரு கம்பெனி மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது.

நமக்கு அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. ரயிலில் ஸ்லீப்பர் கோச்சில் போனவர்கள் எல்லாருக்கும் மடக்குக் கட்டில் பழக்கமானதுதான். நடு பெர்த்தைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டினால் படுக்கை, இறக்கினால் கீழே உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுச் சாய்மானம். அதற்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை படுக்கை என்று 2017-இல் ரயில்வே வரையறுத்தது. அதற்கு முன் 9 மணி. நடு பெர்த்துக்காரர் எட்டு மணி வரை தூங்கினால் கீழே இருப்பவர் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பார். மடக்குக் கட்டிலை ஏற்றுகிறவர்கள் கூடவே ஒரு கால அட்டவணையையும் ஏற்றுக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடலை மூன்று நாளில் கடக்கும் கப்பலில் ‘பங்க்’ வகுப்பில் வந்த அந்தமான் தமிழர்களுக்கும், அடுக்கடுக்கான படுக்கைகளுக்கு இடையே இடத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக்கொள்வது புதிதில்லை.

தேநீர்க் கடைக்காரர் ஒரு தச்சரை அழைத்து வந்தார். டெலானிப்பூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் தமிழர். மரம் எங்கிருந்து என்பதுதான் முதல் பேச்சு. இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தமான் என்றாலே மரம்தான். 1883-இல் தொடங்கிய சாத்தாம் மர ஆலை ஆசியாவின் பழைய பெரிய மர ஆலைகளில் ஒன்று. செந்நிறப் படாக் மரமும் ஒட்டுப்பலகைக்கு ஏற்ற கர்ஜன் மரமும் இங்கிருந்து கப்பல் கப்பலாகப் போயின. ஒட்டுப்பலகை ஆலைகளும் தீக்குச்சி ஆலையும் இங்கே இருந்தன. காடு கரைவதைப் பார்த்து வழக்குத் தொடுத்தார்கள். சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கைக்குப் பின், 2002 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வெட்டுக்குக் கடிவாளம் போட்டது. தீவுவாசிகளின் தேவைக்கு மட்டும் மரம், வெளியே அனுப்பத் தடை. ஆலைகள் மூடின. காடு பிழைத்தது. இப்போது ஜன்னலைத் திறந்தால் எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் மரம் தெரியும், ஆனால் கட்டிலுக்கு வேண்டிய ஒட்டுப்பலகை சரக்குக் கப்பலில் ஏறி வரவேண்டும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. இடம் சின்னதாக இருப்பதற்கும் பலகை விலை ஏறியிருப்பதற்கும் காரணம் ஒன்றே: காடு காடாகவே இருக்கிறது. அந்தக் காட்டுக்குரிய வாடகையில் ஒரு பங்கை அபர்டீனின் ஒற்றை அறைகளும் கொடுக்கின்றன.

தச்சர் ஒட்டுப்பலகையை வேறொரு காரணத்துக்காகவும் ஒதுக்கினார். 18 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையில் ஆறுக்கு மூன்று வெட்டினால் அது மட்டுமே இருபது கிலோ வரும். சட்டம், மெத்தை சேர்த்தால் நாற்பதைத் தொடும். பலகைமேல் மெத்தையை வைத்து மடக்கிவிட்டால் காற்று புகாது. இரவெல்லாம் உடம்பு விட்ட வேர்வை உள்ளேயே தங்கி, இந்த ஊர் ஈரத்தில் ஒரு மாதத்தில் மெத்தையின் அடியில் கறுப்புப் புள்ளி பூக்கும். ஆகவே படாக் மரச் சட்டம், அதன் குறுக்கே இரண்டு விரல் இடைவெளி விட்டு ரீப்பர்கள், மேலே நான்கு அங்குல ஃபோம் மெத்தை. எல்லாம் சேர்த்து இருபத்தெட்டு கிலோ. எழுந்தவுடன் மடக்காமல் கால் மணி நேரம் காற்றாட விடவேண்டும் என்பது நிபந்தனை.

அடுத்தது, எந்தப் பக்கம் மடக்குவது. சினிமாவில் வரும் மர்ஃபி கட்டில் தலைமாட்டில் கீல் வைத்து நெட்டாக நிமிர்வது. தகரக் கூரை சரிந்திருக்கும் அறையில் ஏழரை அடி உயரத்துக்கு இடம் இல்லை. நீளவாட்டில் கீல் வைத்தால் ரயில் பெர்த்போல் பக்கவாட்டில் மடங்கும். தரையிலிருந்து ஒன்றரை அடியில் கீல், அதற்கு மேல் மூன்றடிப் படுக்கை. மடக்கினால் நாலரை அடிதான். ஜன்னல்கூட மறையாது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கும் கைக்கு இரண்டு முறையிலும் பாதி எடைதான் விழும். அதாவது பதினான்கு கிலோ. ஆனால் கீலை முறுக்கும் விசை, நெட்டுக் கட்டிலில் இருப்பதில் பாதிதான் பக்கவாட்டுக் கட்டிலில். எடையின் நடு, கீலிலிருந்து மூன்றடி தூரத்தில் இருப்பதற்கும் ஒன்றரை அடி தூரத்தில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. பெங்களூர், மும்பை ஃபிளாட்டுகளில் கார் டிக்கியைத் தாங்குவதுபோன்ற கேஸ் ஸ்பிரிங் போட்டு ஒரு விரலால் இறக்குகிறார்கள். கடற்காற்றில் அது துருப்பிடித்தால் மாற்று உருப்படி கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே எஃகுச் சங்கிலியும் துருப்பிடிக்காத ஸ்குரூவும் போதும் என்றார் தச்சர்.

இந்த ஊரில் கட்டிலைச் சுவரில் மாட்டும்போது இன்னொன்றையும் நினைக்க வேண்டும். நிலநடுக்க வரைபடத்தில், 2002 விதிமுறைப்படி, அந்தமான் மிகக் கடுமையான ஐந்தாம் மண்டலம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. தரை ஆடத் தொடங்கியபோது காலை 6 மணி 28 நிமிடம். பலர் படுக்கையில் இருந்தார்கள். பிறகு கடல் வந்தது. அந்தக் காலையைப் பார்த்தவர்கள் எந்தச் சாமானையும் இரண்டு கேள்வி கேட்காமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள். இது மேலே விழுமா? இது வழியை மறிக்குமா?

முதல் கேள்விக்குத் தச்சரின் விடை: கட்டிலின் பாரத்தை ஹாலோ பிளாக் சுவரில் தொங்கவிடவில்லை. தரையிலிருந்து மேலே போகும் இரண்டு மரத் தூண்களில் கீலை மாட்டி, பாரம் தரைக்கே போகும்படி செய்தார். தூண்களைச் சுவரின் கான்கிரீட் பட்டையில் போல்ட் போட்டு நிறுத்தினார். மடக்கிய கட்டிலைப் பிடிக்க ஒரு கொண்டி போதும் என்றாலும் இரண்டு பக்கமும் இரண்டு. குலுங்கினால் தானாகக் கழலாத தாழ்ப்பாள். இரண்டாவது கேள்விக்கு அவர் செய்த காரியம் இன்னும் எளிது. வேலை தொடங்கும் முன் சாக்கட்டியால் தரையில் விரித்த கட்டிலை முழு அளவில் வரைந்தார். பிறகு கதவைத் திறந்து மூடச் சொன்னார். இரவில் எல்லாரும் படுத்திருப்பதுபோல் பாய்களையும் விரிக்கச் சொன்னார். கதவு பாதிதான் திறந்தது. கட்டில் அடுத்த சுவருக்கு மாறியது. மடக்குக் கட்டில் செய்ய நினைக்கும் எவரும் மரம் வாங்கும் முன் ஒரு துண்டு சாக்கட்டி வாங்குவது நல்லது.

இதுவரை எல்லாம் சரி. யாருக்குக் கட்டில் என்பதில்தான் சிக்கல் வந்தது. கட்டில் வேண்டியவர் அப்பத்தா. ஆகவே மடங்குவது அப்பத்தாவின் கட்டில் என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள். பகலில் அதை மடக்கினால் பேத்தி படிக்க இடம் கிடைக்கும். தச்சர் தூக்கும் எடை எவ்வளவு என்று காட்ட, பதினான்கு கிலோ அரிசிப் பையை முக்காலியில் வைத்து, ‘‘ஆத்தா, இதை இடுப்பளவுக்குத் தூக்குவீங்களா?’’ என்று கேட்டார். அப்பத்தா பையைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார். ‘‘அப்ப பகல்ல எனக்கு உடம்புக்கு ஆகாமப் போகக் கூடாதாப்பா?’’

அந்தக் கேள்வியை எந்தக் காப்புரிமைப் படமும் கேட்பதில்லை. மடக்குக் கட்டில் இடத்தை மிச்சப்படுத்துகிறது என்கிறோம். மிச்சமாகும் இடம் ஆகாயத்திலிருந்து வருவதில்லை, படுத்திருப்பவரின் பகலிலிருந்து வருகிறது. ஆரோக்கியமான உடம்புக்குப் பகலில் படுக்கை வேண்டாம், ஆகவே அந்தக் கொள்முதலில் நஷ்டமில்லை. மதியம் அரைமணி சாயாவிட்டால் மாலையில் நிற்க முடியாத உடம்புக்கு நஷ்டம் உண்டு. படுக்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொருவரைக் கூப்பிட்டு, மேஜையில் இருக்கும் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, கட்டிலை இறக்கச் சொல்ல வேண்டும் என்றால் முதியவர் கேட்கமாட்டார். நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். கட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும்.

பேத்திதான் வழி சொன்னாள். தன் படுக்கையை மடக்கச் சொன்னாள். பகலில் அவள் படுப்பதில்லை, பதினான்கு கிலோ அவளுக்குப் பாரமில்லை. அப்பத்தாவின் கட்டில் மடங்காத சாதாரணக் கட்டிலாகச் சுவரோரம் நிலையாக நின்றது. அதன் அடியில் டிரங்குப் பெட்டி போயிற்று, நான்கு சதுர அடி மீண்டது. எதிர்ச் சுவரில் பேத்தியின் மடக்குக் கட்டில். மடக்கினால் எட்டு அங்குலம்தான் துருத்திக்கொண்டிருக்கும். பதினெட்டுச் சதுர அடி நாலாகிவிடும். அறைக்குள் தெரியும் அதன் அடிப்பக்கத்தில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், மூன்றடி அகலத்துக்கு ஒரு பலகையைக் கீல் போட்டுப் பதித்தார் தச்சர். கொண்டியை விட்டால் பலகை இறங்கி மேஜையாகும். சாரா கூட்டின் பெயர் அவருக்குத் தெரியாது. ஒரே மாதிரி அறைகளுக்கு ஒரே மாதிரி விடை கிடைப்பதில் ஆச்சரியமில்லை.

இரவுக் கணக்கு: சாமான்கள் இருபத்தொன்று, இரண்டு கட்டில்கள் முப்பத்தாறு, தாய் தந்தைக்குப் பாய் முப்பது. ஆக எண்பத்தேழு. கதவு வரை நடக்கப் பதின்மூன்று சதுர அடி. பகலில் பாதி அறை காலி. தாய் தந்தைக்கு இன்னமும் பாய்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அதை அவர்கள் ஒரு குறையாகக் கருதவில்லை. கருதியிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தமிழில் ‘பள்ளி’ என்ற சொல்லுக்குப் படுக்கை, உறங்குமிடம் என்ற பொருள் உண்டு. பள்ளியறை, பள்ளியெழுச்சி எல்லாம் அந்த வழிதான். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்கள் கல்லில் படுக்கை வெட்டித் தங்கினார்கள். அவர்கள் தங்கிய பள்ளியிலேயே பாடமும் சொன்னதால் பள்ளி என்பது கல்விச்சாலைக்கும் பெயராயிற்று என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். படுக்கும் இடமும் படிக்கும் இடமும் ஒன்றாக இருந்த அந்தப் பழைய ஏற்பாட்டைத்தான் அபர்டீன் பஜாரின் ஒரு பின்னறை, கீலும் சங்கிலியும் போட்டுப் புதுப்பித்திருக்கிறது.

இன்னொரு கட்டிலும் நினைவுக்கு வருகிறது. புறநானூற்றில், முரசு நீராடப் போயிருந்த நேரத்தில் அது வைக்கும் கட்டிலில் களைப்பில் படுத்துத் தூங்கிவிட்டார் மோசிகீரனார். முரசு கட்டிலில் ஏறியவருக்குத் தண்டனை வாள். வந்து பார்த்த சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல் விசிறியை எடுத்தான். அவனைப் பாராட்டி எழுதிய பாட்டைப் பாடநூலில் படித்தவர்கள் பலர். கட்டில் காலியாக இருந்தது, ஒரு மனிதருக்குத் தூக்கம் வந்தது. பொருளின் கௌரவத்தைவிட உடம்பின் களைப்பைப் பெரிதாக நினைத்தவன் அந்த அரசன். நூறு சதுர அடியில் மரச்சாமான் செய்யும்போது அந்த மரியாதையைக் கொஞ்சம் கலந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அறையில் எது மடங்கினாலும் களைத்தவர் மடங்க வேண்டியிராதபடி.

அந்தமானில் பொழுது சீக்கிரம் விடியும். இந்திய நேரப்படி கோடையில் ஐந்து மணிக்கே சூரியன் வந்துவிடும், டிசம்பரில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். அந்த வீட்டில் மின்விளக்குப் போடாமலே விடியற்காலை இரண்டு மணி நேரம் படிக்கலாம். தீவுப் பள்ளிகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். தேர்வு பிப்ரவரியில் தொடங்கும். பேத்தி ஐந்து மணிக்கு எழுந்து, கால் மணி நேரம் மெத்தையைக் காற்றாட விட்டு, கட்டிலைத் தூக்கி, இரண்டு பக்கமும் கொண்டி மாட்டி, பலகையை இறக்கி, வேதியியல் புத்தகத்தைத் திறக்கிறாள். கொண்டி விழும் சத்தத்துக்கு எதிர்ச் சுவரோரம் அப்பத்தா புரண்டு படுக்கிறார். அவருக்கு எழ இன்னும் நேரமிருக்கிறது.